கறைபட்ட கணினி

சனிக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு, வாரிக் தன் மனைவியின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பர்னி நூலகத்தின் பின்னறைக்குள் வந்தார். கோரலியின் மடியில் கணினி. அதன் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு கேமரா.

கணினியை இயக்கும் லினக்ஸ் என்ற திறந்த மென்பொருளை நேசிப்பவர்களின் குழு கூடும் நாள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அதைத் தொடங்கியவர் வாரிக். விதி வைத்தவரும் அவர்தான். மூல நிரலைக் காட்டாத மென்பொருளை யார் ஏற்றினாலும், அன்றைய தேநீர்க் கோப்பைகளை அவர்களே கழுவ வேண்டும். அப்படி ஒன்று கணினியின் அடியாழத்தில் நுழைந்தால், லினக்ஸ் தன் குறிப்பேட்டில் தானே எழுதிக்கொள்ளும்: 'கறைபட்டது'. அந்த வரியை எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்கவும் வேண்டும்.

வாரிக் ஒருநாளும் கழுவியதில்லை. குழுவிலேயே அதிகம் கழுவியவள் டாம்சின்.

கோரலி பேசி ஐந்து மாதமாகிறது. நோய் முதலில் கைகளை எடுத்தது, பிறகு நாக்கை. ஆம், இல்லை என்று சொல்ல இமை போதும். மற்றதற்குப் போதாது. அந்தக் கேமரா, கண் போகும் இடத்தில் இருக்கும் எழுத்தைப் பிடித்துவிடும். கணினி வாய்விட்டுச் சொல்லும். அதை இயக்கும் நிரலைத் தானே எழுதிவிடலாம் என்று வாரிக் நான்கு மாதம் உட்கார்ந்தார். திரையில் சுட்டி ஈயைப் போல அலைந்தது. போன வாரம் கேமரா நிறுவனமே லினக்ஸுக்கு ஒன்று வெளியிட்டது. மூல நிரலைக் காட்டாமல்.

"டாம்சின், இத ஏத்தணும். எனக்கு ஏற மாட்டேங்குது."

அவள் குனிந்து பார்த்தாள். "எப்படி ஏறும்? இது நீங்க வீட்டுல கட்டின லினக்ஸ். எல்லாரும் போடுறதுலதான் ஏறும்."

"அப்போ எல்லாரும் போடுறதையே போடு."

அறையில் யாரோ இருமினார்கள்.

"தலைவரே, நிஜமாவா? ஒரு வைஃபை அட்டையோட மூடின நிரலுக்காக என்னை ஒரு வருஷம் கழுவ வெச்சீங்க."

"ஞாபகம் இருக்கு. சாரி."

"சாரியா! யாராவது தேதியக் குறிச்சு வைங்கப்பா."

சொல்லிக்கொண்டே வேலையைத் தொடங்கிவிட்டாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. பிறகு திரையை வாரிக் பக்கம் திருப்பினாள். "விதி."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கறைபட்டது," என்று படித்தார்.

கோரலியின் கண்கள் எழுத்து எழுத்தாக நகர்ந்தன. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"கஞ்சியில உப்பு ஜாஸ்தி," என்றது கணினி. "அஞ்சு மாசமா."

வாரிக் அவள் பக்கம் திரும்பினார். உப்பைப் பற்றி இமையிடம் கேட்க அவருக்குத் தோன்றியதே இல்லை.

"டாம்சின்," என்றார். "அந்த நிறுவனத்துக்கு லெட்டர் எழுதணும்."

"மூலத்தத் திறந்து விடுங்கன்னா?"

"அது ரெண்டாவது வரி. முதல் வரி நன்றி."

"நீங்களே எழுதுங்க. நான் எழுதினா, நம்ம குழு நன்றி சொல்லுதுன்னு ஒருத்தனும் நம்ப மாட்டான்."

பதினோரு கோப்பைகள். மூலையில் இருந்த தொட்டியடியில் வாரிக் சட்டைக் கையை மடித்துவிட்டார். டாம்சின் கோரலியின் நாற்காலியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் அவசரமில்லாமல் கழுவினார். கடைசிக் கோப்பையைத் துணியில் கவிழ்த்தபோது, பின்னாலிருந்து கணினியின் தட்டையான குரல் வந்தது.

"வாரிக், அந்த நீலக் கோப்பையில இன்னும் கறை இருக்கே, உனக்குக் கண்ணு தெரியலையா?"