பிடி வரகு

மழை பொய்த்த ஐம்பத்திரண்டாம் வருடம், கீரனூருக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊரில், உபதேசியார் வீட்டு அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒரு தடவை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடப்பவர் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பது எல்லாம் உபதேசியார் மரியசெல்வம்தான். அதற்குக் கூலி பிடியரிசி. ஒவ்வொரு வீட்டிலும், உபதேசியார் வீட்டிலும்கூட, உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசல் பானையில் கொட்டுவார்கள். கோடையிலிருந்து அந்தப் பானையில் பல்லி முட்டைகூட இல்லை.

"தனக்கு வேலை செய்யுறவனுக்குச் சோறு போட ஆண்டவருக்குத் தெரியாதா?" என்பார் மரியசெல்வம், விருந்து சாப்பிட்டு எழுந்தவர் மாதிரி.

"தெரியும்ங்க. நம்ம வீட்டு வழிதான் மறந்துபோச்சு போல" என்பாள் அவர் மனைவி அடைக்கலமேரி.

சொல்லிவிட்டுச் சிரிப்பாள்தான். அந்த வாரம் சிரிப்பு வரவில்லை. திருச்சி மில்லில் வேலையில் இருந்த அவள் அண்ணன், மரியசெல்வத்துக்கும் அங்கே ஒரு வேலை பார்த்து வைத்திருந்தான். "இந்த ஞாயித்துக்கெழமையும் பானை காலியா இருந்தா மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்பிரணும்" என்று கறாராகச் சொன்னாள். அவரும் சரி என்றுவிட்டார். போக நேரும் என்ற நினைப்பே அந்த மனுஷனுக்கு இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குள் நுழையும்போதே பானையை எட்டிப் பார்த்தாள். காலி. வந்த பெண்கள் ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நன்றி கெட்ட ஊர் என்று மனசுக்குள் திட்டினாள்.

ஜெபத்தின் கடைசியில் மரியசெல்வம் கையை விரித்துக் கணீரென்று சொன்னார்: "ஆண்டவரே, நேத்து எங்க வீட்டுல பொங்கின கடைசி வரகுக்காக உமக்குத் தோத்திரம்!"

அடைக்கலமேரிக்கு மானமே போயிற்று. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பெண்கள் பக்கம் கசமுசவென்று பேச்சு எழுந்தது. ஜெபம் முடிந்ததும், நின்று ஒரு வார்த்தை பேசாமல் அத்தனை பேரும் ஓடினார்கள்.

இனி என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து தகரப்பெட்டியை இழுத்துப்போட்டுச் சேலைகளை அடுக்க ஆரம்பித்தாள். வாசலில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அழகி, இடுப்பில் கலயத்தோடு நின்றாள்.

"அக்கா, உபதேசியார் வரகு திம்பாராக்கா?"

"ஏன், அவருக்கு வாயில்லையா?"

"அய்யோ, இது தெரியாமப் போச்சே! அரிசியக் கண்ணுல பாத்து எம்புட்டு நாளாச்சு. வரகுலதான் பிடி எடுத்தோம். கோவில் பானையில அரிசியத் தவிர வேற போட்டா குத்தமாயிருமோன்னு பயம். நெல்லு வெளஞ்சதும் மாத்திக் குடுப்போம்னு வீட்டுக்கு வீடு மூடி வச்சிருக்கோம். பிள்ளைக பசின்னு அழுதப்பக்கூட இதுல கை வைக்கலக்கா."

அவளுக்குப் பின்னால் மூக்காயி சொளகோடு வந்தாள். அதற்குப் பின்னால் தெருவே வந்தது. வரகும் கேழ்வரகும் சோளமும் கூடத்தில் குவியக் குவிய அடைக்கலமேரி அழுதாள். பசித்த வீடுகள் ஒவ்வொரு நாளும் தன்னை நினைத்திருக்கின்றன. அவளோ அவர்களைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

எல்லாரும் போனபின் மரியசெல்வம் வந்தார். குவியலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சே. கெளம்பலையா?"

"போங்க அங்கிட்டு! போயி அடுப்பப் பத்த வைங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே உலைத் தண்ணீரை ஏற்றினாள். குவியலிலிருந்து வரகை அள்ளப் போனவள் நின்றாள். முதலில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"எங்க போற?"

"கோவிலுக்கு. வரகுதானேன்னு நானும் நம்ம வீட்டுப் பிடிய நிறுத்தித்தானே வச்சிருந்தேன்?"