சுங்கத் தெருவில் ஒரு டான்சோன்

பழைய சுங்கத் தெருவுக்குள் நுழையக் கையில் காகித வளையம் ஒன்று கட்டிவிட்டார்கள். முப்பது வருடம் நான் மீன் கூடை சுமந்து நடந்த தெரு அது. அப்போதெல்லாம் உள்ளே போக நான் யாரையும் கேட்டதும் இல்லை, யாரும் என்னை நிறுத்தியதும் இல்லை. மணிக்கட்டை நீட்டிக்கொண்டு நின்றபோது எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

தெருவுக்குப் புது வாழ்வு கொடுத்துவிட்டார்களாம். பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஐஸ் பாக்டரி இப்போது மதுக்கடை. அதற்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் காரை பெயர்ந்த சுவரை அப்படியே விட்டு, அதற்கு விளக்கு வேறு போட்டிருக்கிறார்கள். அப்போது அந்தச் சுவரைப் பூசித் தரச் சொல்லி வீட்டுக்காரனிடம் எத்தனை தடவை கெஞ்சியிருப்போம். ஒரு தட்டில் வறுத்த மீன் வைத்திருந்தார்கள். என் கடையில் பூனைக்குப் போடுகிற துண்டு அதைவிடப் பெரியது. அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போனது இலாரியோவுக்காக. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் துறைமுகச் சதுக்கத்தில் அவனும் நானும் ஜோடியாக டான்சோன் ஆடினோம். அவன் எனக்குப் புருஷன் இல்லை, காதலனும் இல்லை. ஆனால் என் இடது முழங்கால் எந்தத் திருப்பத்தில் தயங்கும் என்று அவனுக்குத் தெரியும். இந்த வயதில் இன்னொரு புருஷன்கூடக் கிடைப்பான், அது தெரிந்தவன் கிடைக்க மாட்டான். அப்படிப்பட்டவன் இரண்டு மாதமாகச் சதுக்கத்துப் பக்கமே வரவில்லை. சுங்கத் தெருவில் வெளியூர்க்காரர்கள் முன்னால் ஆட அவனைச் சம்பளத்துக்கு எடுத்துவிட்டார்கள்.

போன வாரம் என் மீன் கடைக்கு வந்து நின்றான். அங்கே அவனோடு ஆடியவள் ஏதோ ஓட்டலுக்குப் போய்விட்டாளாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜோடி கொண்டு வராவிட்டால் வேலை போய்விடுமாம்.

"அங்க கை தட்டுறாங்க, செனைதா. நம்ம சதுக்கத்துல இருபத்திரண்டு வருஷமா யாரு தட்டினா?" என்றான்.

"ஆடத் தெரியாதவனுக்குத்தான்யா கைதட்டு வேணும்" என்றேன். ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு ஆட்டம் ஆடினால் அவனுக்குப் பழைய புத்தி திரும்பிவிடும், கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அங்கே மேலாளர் பாத்ரிசியோ. தலைநகரத்துப் பையன், முப்பது வயதிருக்கும், வெயில் இறங்கின பிறகும் தொப்பியைக் கழற்றவில்லை. எங்களைக் கலைஞர்களே என்று கூப்பிட்டான். இன்னொருத்தியின் வியர்வை காயாத வெள்ளை உடுப்பை என்னிடம் நீட்டினான். பிறகு டான்சோன் ஆடுவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான்.

டான்சோனில் ஒரு மெட்டு முடிந்ததும் தொடக்கத்து இசை திரும்ப வரும். அப்போது எல்லோரும் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். வாத்தியக்காரர்களைப் பார்த்து நின்று, பெண்கள் விசிறிக்கொள்வோம், ஆண்கள் நெற்றியைத் துடைத்துக்கொள்வார்கள். அடுத்த மெட்டு தொடங்கும்வரை கால் அசையாது. அசைந்தால் இந்த ஊர்க்காரன் இல்லை என்று அர்த்தம். பாத்ரிசியோ அதற்கு உயிரில்லாத நேரம் என்று பெயர் வைத்திருந்தான். நாங்கள் நின்றால் கூட்டம் கலைகிறதாம், அதனால் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டுமாம். இலாரியோ சரி என்று தலையை ஆட்டினான். அந்த ஓய்வில் ஒரு காலை அசைத்துவிட்டான் என்று சொந்தத் தம்பியோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தவன் அவன்.

ஆட்டம் தொடங்கியது. வாசித்தவர்கள் மட்டும் நிஜமான ஆட்கள், எல்லோரும் எங்கள் வயதுக்காரர்கள். இலாரியோவின் கை என் முதுகில் பட்டதும் இரண்டு மாதக் கோபமும் இறங்கிவிட்டது. சந்தோஷமாக இருந்தேன். என்னால் மறைக்க முடியவில்லை.

தொடக்கத்து இசை திரும்ப வந்தது. மற்ற ஐந்து ஜோடிகளும் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். நான் நின்றேன். வாத்தியக்காரர்கள் பக்கம் திரும்பி விசிறியை விரித்தேன். இலாரியோ என் இடுப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

"நில்லு" என்றேன்.

"அவன் பாக்குறான், செனைதா."

"பாக்கட்டும். நீ என்ன பண்றேன்னு நான் பாக்குறேன்."

அவன் என் கையை விட்டுவிட்டு என்னைச் சுற்றித் தனியாக ஆடத் தொடங்கினான். சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. தாளக்காரக் கிழவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் விசிலடித்தது, எல்லோர் கையிலும் போன் உயர்ந்தது. இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பாத்ரிசியோ ஓடி வந்தான். திட்டுவான், பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கலாம் என்று தயாராக இருந்தேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"இதைத்தாம்மா இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தேன். நீங்க இப்படியே மொறைச்சிக்கிட்டு நில்லுங்க. அவரு சுத்திச் சுத்தி வரட்டும். ஒரு ஆட்டத்துக்கு மூணு தடவை."

இலாரியோவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, நீ கேட்டது கெடைச்சிருச்சு. இனிமே தாராளமா நிக்கலாம்."

"நான் நிப்பேன். நீ நிப்பியா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை, பாத்ரிசியோவைப் பார்த்தான். அவர் நின்றுவிட்டால் வேடிக்கையே போய்விடும் என்று பாத்ரிசியோ சொன்னான்.

"நான் சுத்துறேன்" என்றான் இலாரியோ. "எனக்கென்ன, முட்டி நல்லாத்தானே இருக்கு."

அந்த உடுப்பைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, என் துணியை மாட்டிக்கொண்டு நடந்தேன். வாசலில் காவல்காரன் ஒருவன், வளையத்தை அறுக்காதீர்கள், இன்று முழுவதும் திரும்ப வரலாம் என்றான். பல்லால் கடித்து அறுத்து அவன் காலடியிலேயே துப்பினேன்.

நான்கு நாளில் இலாரியோவுக்கு வேறு ஜோடி கிடைத்துவிட்டாள். சந்தையில்தான் கேள்விப்பட்டேன். என்னைவிடச் சின்னவளாம், கோபமாக நிற்க அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டாளாம்.

வியாழக்கிழமை சதுக்கத்துக்குத் தனியாகப் போய் ஓரமாக நின்றேன். தொடக்கத்து இசை திரும்ப வந்ததும் எல்லா ஜோடிகளும் நின்றுவிட்டார்கள், பெண்கள் விசிறிக்கொண்டார்கள். நானும் விசிறிக்கொண்டேன். அந்தக் கொஞ்ச நேரம் யார் பார்த்தாலும் நானும் ஆட வந்தவள் மாதிரிதான் இருந்திருப்பேன். பிறகு அடுத்த மெட்டு தொடங்கியது.