போகத் தூரம், வரப் பக்கம்

ஆவுடைத்தாய் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க மாட்டாள், கட்டுச்சோற்றில் அளப்பாள். தென்காசியிலிருந்து ஆய்க்குடி வெறுங்கைத் தூரம். மதுரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லித் தூரம். சென்னை, புளிச்சோற்றுத் தூரம். புளிச்சோறு கெடுவதற்குள் போய்ச் சேர முடியாத ஊருக்குப் பிள்ளையை அனுப்பக் கூடாது என்பது அவள் சட்டம்.

அவள் மகள் இசக்கிசெல்விக்கு நியூசிலாந்தில், ஆக்லாந்து என்கிற ஊரில், நர்ஸ் வேலை கிடைத்தது. ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா சம்மதிக்காமல் போகமாட்டேன் என்று அந்தப் பிள்ளை பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் வந்து அழுதது.

நான் பொய்யே சொல்லாதவன். போன சாரலில் குடையில்லாமல் குற்றாலத்துக்கு நடந்தேன். மெயின் அருவி போய்ச் சேர்வதற்குள் சட்டைப்பையில் கிடந்த நெல் முளைத்துவிட்டது. இதையே நம்பாத ஊர் இது. அதனால் நான் வாய் திறக்காமல், இசக்கிசெல்வியையே செல்போனைப் பார்த்து வாசிக்கச் சொன்னேன்.

சென்னையிலிருந்து பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல், சிங்கப்பூரில் மாறி ஏற வேண்டும் என்று வாசித்தாள். ஆவுடைத்தாய் எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தாள். நேரத்தை மட்டும் வாசி என்றேன்.

திங்கள் ராத்திரி பதினொன்றுக்குக் கிளம்பினால், செவ்வாய் ராத்திரி பதினொன்றரைக்கு அங்கே. ஆவுடைத்தாய் விரல் மடக்கினாள். ஒரு நாள். நல்லெண்ணெய் தாராளமாக விட்டால் தாங்கும்.

"வாறதை வாசிட்டி."

அங்கே மத்தியானம் பன்னிரண்டுக்குக் கிளம்பினால், அன்றைக்கே ராத்திரி பதினொன்றரைக்குச் சென்னை.

"போக ஒரு நாளு, வர அரை நாளா? ஒரே வழிதானே அண்ணாச்சி?"

"புளியறை மலையில லாரி ஏறுத நேரமும் இறங்குத நேரமும் ஒண்ணா? அந்த ஊரு மேட்டுல கெடக்கு. வரும்போது இறக்கம்."

அங்கே கடிகாரம் ஆறேழு மணி நேரம் முந்தி ஓடுகிறது என்று சொல்ல இசக்கிசெல்வி வாயைத் திறந்தாள். நான் இருமினேன்.

"நீங்க சொல்லுதத நான் நம்பல. செல்போன்ல போட்டிருக்குல்லா," என்றாள் ஆவுடைத்தாய். பிறகு மகளைப் பார்த்து, "வாறது இட்லித் தூரந்தான். போயிட்டு வா."

போனாள். நாலு மாதம் கழித்து எனக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை டூட்டிக்குப் போ என்று அம்மா படுத்துகிறாளாம், வராவிட்டால் அழுகிறாளாம். "மாமா, நீங்களே உண்மையச் சொல்லிருங்க."

சொன்னேன். போகவும் பதினெட்டு மணி நேரம், வரவும் பதினெட்டு மணி நேரம். சூரியன் அங்கே முதலில் உதிக்கிறது, வித்தியாசம் கடிகாரத்தில்தான் என்று முழுக்க விளக்கினேன். ஆவுடைத்தாய் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சூரியன் அங்கன ஒரு நேரம், இங்கன ஒரு நேரமாக்கும். நெல்லு முளைச்ச கதையே தேவல அண்ணாச்சி. நானே ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

நேற்றுத் திருநெல்வேலிக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.