அழித்த வரி

அந்தப் படம் ஓடிய காலம் முழுக்க, ஒலிப்பதிவுக்காரரின் மனைவி தன் குரலைத் தானே கேட்க டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. சினிமா நாயகிகளுக்குப் பின்னணி பேசுவது அவள் தொழில். அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில், போரில் அடிபட்டுக் கிடக்கும் காதலனுக்காக நாயகி மண்டியிட்டு, "என் குரலை எடுத்துக்கோ, அவரை விட்டுடு" என்று கடவுளிடம் கேட்பாள். அதைப் பேச வேண்டிய நாளில் ஒலிப்பதிவுக்காரர் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் கைவிரித்துவிட்டார். வெளியீட்டுத் தேதி கழுத்தை நெரித்ததால் தயாரிப்பாளர் அவளை ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். மைக் முன்னால் நின்று, திரையில் கிடந்த அழகனை ஏறெடுத்தும் பார்க்காமல் அந்த வரியைச் சொன்னாள். முதல் தடவையிலேயே ஓகே ஆனது. வெளியே வந்து தண்ணீர் கேட்க வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அதே நேரத்தில் ஆஸ்பத்திரியில் ஒலிப்பதிவுக்காரர் எழுந்து உட்கார்ந்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று நர்ஸிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

தொண்டை டாக்டர்கள் விளக்கடித்துப் பார்த்து, குரல் நாண்கள் புத்தம் புதிதாக இருப்பதாகச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஒலிப்பதிவுக்காரருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. மனைவிக்கு அது அவர் பங்குக்கும் சேர்த்து இருந்தது. அதிர்ச்சியில் போன குரல் தானாகத் திரும்பும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அது திரும்பவில்லை. அவள் கைஜாடையில் பேசக் கற்றாள், கோபம் வந்தால் பாத்திரங்களை வைத்துப் பேசினாள். குக்கர் மூடி விழுகிற சத்தத்தை வைத்தே சண்டை எதைப் பற்றி என்று அவர் கண்டுபிடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் படத்துக்குப் போனார்கள். திரையில் நாயகி அவள் குரலில் காதலனைக் கொஞ்சும்போது ஒலிப்பதிவுக்காரர் இருக்கையில் நெளிவார். "என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருப்பியா? எல்லாம் அந்தத் தடியனுக்கு" என்பார். அவள் அவர் தொடையில் கிள்ளுவாள்.

கடைசிக் காட்சிக்கு முன்பே அவள் அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள், பஸ் நெரிசல் என்று ஜாடை காட்டி. அதனால் அந்த வரியைக் கேட்க அவருக்கு நாலு வருடமாயிற்று. ஸ்டூடியோவில் பழைய நாடாக்களைத் துடைத்து அடுக்கும் வேலை வந்தபோது, ஒரு மதியம் அந்தக் கடைசிக் காட்சியை ஓட விட்டார். அவள் நடித்துப் பேசுவது எது, நிஜமாகப் பேசுவது எது என்று அவருக்குத் தெரியாதா. நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். பிறகு டீ வாங்கி வரச் சொல்லி, அது ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு அந்த ஒரு வரியை மட்டும் அழித்தார்.

அப்போது வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அழைப்பு மணி அடித்தது. "யாரு?" என்றாள். வாசலில் நின்ற கேஸ் சிலிண்டர்காரர் பதில் சொன்னார். அவள் கதவைத் திறக்கவில்லை. கையிலிருந்த சட்டையை வெறித்துப் பார்த்தாள். அது அவருடையது. செருப்பைத் தேடாமல் பின்வாசல் வழியாக ஓடினாள்.

ஒலிப்பதிவு அறையில் அவர் ஹெட்போனை மாட்டியபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. நாலு வருடத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்தே காய்ச்சல் மறுபடி தொடங்கியிருந்தது.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள். "உங்களை யாரு கேட்டா?"

"உன்னை யாரு கேட்டா?" என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தை அனுபவித்தார். "குரல் அப்படியே இருக்கு. இன்னொரு தடவை சொல்லு."

அவள் சொல்வதற்குள் அவர் இறந்துவிட்டார்.

அதே நிமிடத்தில், படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்த எல்லாத் தியேட்டர்களிலும் இருந்த எல்லாப் பிரதிகளிலும் அந்த வரி காணாமல் போயிருந்தது. நாயகி வாயை அசைத்தாள், சத்தம் வரவில்லை. ரசிகர்கள் ஆபரேட்டரைப் பார்த்து விசிலடித்தார்கள். துக்கம் ஆறட்டும் என்று காத்திருந்து, தயாரிப்பாளர் தயங்கித் தயங்கி அவளைக் கூப்பிட்டார். அவள் வந்தாள். வரியைச் சொன்னபோது, முன்பு சொன்னதைவிட நிஜமாகவே சொன்னாள். இந்த முறை குரல் போகவில்லை, யாரும் எழுந்து உட்காரவும் இல்லை. நாடாவை ஓட்டிப் பார்த்தால் அதில் அவள் குரல் பதிவாகியிருக்கவில்லை. அந்த இடத்தில் ஒலிப்பதிவுக்காரர், "இன்னொரு தடவை சொல்லு" என்றார். புதிய இஞ்சினியர் மைக்கை மாற்றினார், நாடாவை மாற்றினார், கடைசியில் நாடாக் கம்பெனியையே மாற்றிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அதுவே பதிவானது. இருக்கிறபடியே இருக்கட்டும் என்று தயாரிப்பாளர் பிரதிகளை அனுப்பிவிட்டார்.

படம் முன்பைவிட நன்றாக ஓடியது. சத்தமில்லாமல் வேண்டுகிறவளிடம் கடவுள் இன்னொரு தடவை கேட்கிறார் என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த இடம் வந்ததும் சிலர் தலை குனிந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகப் போய், முதல்முறையாகக் கடைசிவரை உட்கார்ந்தாள். அவர் கேட்டதும், கேட்டபடியே "உங்களை யாரு கேட்டா?" என்று இன்னொரு தடவை சொன்னாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கு போட்டதும் பக்கத்து இருக்கைக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"சாமிக்குக் குரல் குடுத்தது யாருக்கா, தெரியுமா?"

"எங்க வீட்டுக்காரர்."

"நல்லா இருந்துச்சு. கொஞ்சம் சளி கட்டின மாதிரி, நம்ம வீட்டு ஆள் பேசுற மாதிரி," என்று சொல்லிவிட்டு, அவள் இருக்கைக்கு அடியில் குனிந்து தன் குடையைத் தேடினாள்.