நானூற்றுப் பதினாறு அடிகள்

ஃபிட்னஸ் பேண்ட் சொல்லும் பொய்க்கணக்கைத் திருத்துவதுதான் ஹெப்சியின் வேலை. பள்ளிக்கரணை ரோட்டில் பஸ் குலுங்கினாலும் அந்தச் சனியன் அடி எண்ணிவிடும். தோசைக்கு மாவு கரைத்தாலும் எண்ணிவிடும். சோதனைக்காக அப்பா வேதசிரோமணியின் கையிலும் ஒன்றைக் கட்டிவிட்டிருந்தாள்.

அவரை அடக்கம் பண்ணிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. லீவு முடிந்து தாம்பரம் ஆபீஸுக்கு வந்தவள், அவருடைய கடைசி நாள் பதிவைத் திறந்தாள். மூன்று நாளாகக் கட்டிலை விட்டு இறங்காத மனுஷன், மாலை நாலே காலுக்கு மேல் நானூற்றுப் பதினாறு அடி நடந்திருந்தார். உயிர் பிரிந்தது நாலு மணிக்கு.

அந்த நேரத்தில், சூடு திரும்பிவிடும் என்று அம்மா தபீதாள் பேண்ட் கட்டிய கையை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஹெப்சி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அழுகை வரவில்லை. அந்தப் பகுதியை வெட்டி, ‘நடை அல்ல’ என்று குறித்து, கணக்கைத் திருத்தும் புரோகிராமில் சேர்த்தாள். மறுபடி ஓட்டியபோது அப்பாவின் கணக்கு பூஜ்யமானது. சோதனையில் இருந்த மற்றவர்களின் பொய் அடிகளும் பாதியாகக் குறைந்தன.

அது யாருடைய கை என்று தெரியாத மேனேஜர் உமேஷ் எட்டிப் பார்த்தார்.

“சூப்பர் ஹெப்சி! இதே மாதிரி இன்னும் நாலஞ்சு சாம்பிள் கிடைக்குமா?”

“இல்ல சார்” என்றாள். “இது ஒண்ணுதான்.”