பிறப்பதற்கு முன்பே திருத்திய நாவல்

லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலையில் இருந்த ஒரு மனிதர், நாற்பத்தைந்து வயதில், சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார். ஒரு வருட விடுப்பு. நாவல் எழுதப் போகிறாராம். சேதி கேட்ட மனைவியின் தம்பி, "அப்போ இனிமே மாமாவை எழுத்தாளர்னுதான் கூப்பிடணும்" என்றான். கிண்டலுக்கு வைத்த பெயர் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. எதிர்வீட்டுக்காரர்கூட மாடிப்படியில் பார்த்தால், "என்ன எழுத்தாளரே, எவ்வளவு தூரம் வந்திருக்கு?" என்று கேட்கத் தொடங்கினார். எழுத்தாளருக்கு உள்ளூர அது பிடித்திருந்தது. ஒரு வரிகூட எழுதாமலே கிடைத்த பட்டமல்லவா.

மனைவிக்குப் பல் கட்டும் கூடத்தில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு இம்மியும் பிசகாமல் பொய்ப்பல் செய்வாள். எது அசல், எது போலி என்று அவளிடம் யாரும் கதை விட முடியாது. விடுப்புக்குச் சம்மதித்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் காலையில போயிட்டுச் சாயங்காலம்தான் வருவேன். நீங்க எழுதறீங்களா, தூங்கறீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எழுத்தாளர் கணினியைத் திறந்து, 'நாவல்' என்ற கோப்புக்கு எதிரே இருந்த தேதியைச் சுட்டிக் காட்டினார்.

"நான் சொல்றதை நீ நம்பவே வேண்டாம். இதைப் பாரு. கடைசியா எப்போ மாத்தினேன்னு மெஷினே எழுதி வைக்குது. நாளும் இருக்கு, நேரமும் இருக்கு. இதுல யாரும் கை வைக்க முடியாது."

"யாருமே முடியாதா?"

"ஆண்டவனே வந்தாலும் முடியாது."

அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். அன்றிலிருந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், நகக்கண்ணில் ஒட்டிய பொய்ப்பல் மாவுத்தூளைக் கழுவிவிட்டு, முதல் வேலையாகக் கணினியின் முன்னால் போய் நிற்பாள். இன்றைய தேதி இருந்தால் டீ வரும்.

முதல் வாரம் எழுத்தாளர் நிஜமாகவே எழுதினார். ஒன்றரைப் பக்கம் வந்தது. இரண்டாவது வாரம் கதாநாயகன் பழுதான ஒரு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டான். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் சோதித்தவருக்கு அவனை எப்படி வெளியே கொண்டுவருவது என்று தெரியவில்லை. கணினியில் சதுரங்க விளையாட்டு ஒன்று இருந்தது. அவன் கிடக்கட்டும், ஒரு ஆட்டம் போட்டுவிட்டு வரலாம் என்று போனவர், வெளிச்சம் மங்கும்வரை திரும்பவில்லை. படிக்கட்டில் மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாக நாவலைத் திறந்தார். திறந்து மூடினால் தேதி மாறவில்லை. எதையாவது மாற்றிச் சேமித்தால்தான் மெஷின் அசைந்துகொடுக்கும். கடைசி வரியில் ஓர் இடைவெளி விட்டார், அதையே அழித்தார், சேமித்தார். தேதி மாறியது. டீ வந்தது.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. மாதக்கணக்கில் எழுத்தாளர் தினமும் ஓர் இடைவெளி எழுதினார், தினமும் அதை அழித்தார். மனைவியோ உறவுக்காரர்களிடமெல்லாம், "ஒரு நாள் தவறாம எழுதறார். சும்மா சொல்லக் கூடாது" என்று பெருமையடித்தாள். கதாநாயகன் லிஃப்டுக்குள்ளேயே மாதங்களைக் கழித்தான்.

மனசாட்சி உறுத்தாமல் இல்லை. விடுப்பு முக்கால்வாசி கரைந்த பிறகு ஒருநாள், இந்தக் கணினி இருக்கும்வரை சதுரங்கம்தான் ஆடுவோம் என்று அவருக்கே உறைத்தது. பரணில் கிடந்த பழைய மடிக்கணினியைத் தூசி தட்டி எடுத்தார். அதில் இணையம் கிடையாது, விளையாட்டு கிடையாது. மின்வடத்தைப் பிடுங்கினால் அந்த நொடியே உயிர் போய்விடும். மனைவி வேலைக்குக் கிளம்பியதும் அதைச் சமையலறை மேஜைமேல் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். லிஃப்டில் மாட்டியவனை அங்கேயே விட்டுவிட்டு வேறொரு கதையைத் தொடங்கினார். கண்ணாடி வில்லைகளைத் தேய்க்கும் ஒரு பெண்ணின் கதை. என்ன மாயமோ, வார்த்தை வார்த்தையாக வந்து விழுந்தது. தினமும் மத்தியானச் சாப்பாடு மறந்துபோனது. ஆறு அத்தியாயம் முடிந்ததும், பென் டிரைவில் ஏற்றி வீட்டுக் கணினியில் போட்டார். கோப்புக்கு 'அவள்' என்று பெயர் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, மனைவி வரும் நேரத்தை ஆவலோடு எதிர்பார்த்தார்.

அவள் வந்தாள். கை கழுவினாள். கணினியின் முன்னால் நின்றாள். நின்றவள் அப்படியே உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. எழுத்தாளர் அடுப்படியில் தானே டீ போட்டுக்கொண்டு, பாராட்டுக்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

"சொல்லும்மா."

"யாரு இவ?"

"எவ?"

"இந்த 'அவள்'. விளக்கு வெளிச்சத்துல ஒரு பொருளைத் தூக்கிப் பிடிச்சுக் கழுத்தைச் சாய்ச்சுப் பாக்கறாளாம். தூங்கும்போது கையை மூடிக்கறாளாம். அதைப் பாக்கறதுக்காகவே ஒருத்தன் முழிச்சுக் கெடக்கானாம். யாரு அவ?"

எழுத்தாளர் சிரித்தேவிட்டார். "அட, இது இப்போ எழுதினது."

"இப்போவா?" அவள் திரையைத் தட்டினாள். அங்கே ஜனவரி ஒன்றாம் தேதி இருந்தது. வருடமோ, அவர்கள் கல்யாணத்துக்கு மூன்று வருடம் முந்தையது. ஆறு அத்தியாயமும் அந்த ஒரே கோப்பில்.

பழைய மடிக்கணினிக்குள் கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி செத்துக் கிடந்தது எழுத்தாளருக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு முறை மின்வடத்தைச் செருகும்போதும் அது தன் பழைய ஜனவரிக்கே போய் நின்றிருக்கிறது. தேதி வரும் மூலையை அவர் ஒருநாளும் பார்க்கவில்லை. அந்தத் தேதியே பென் டிரைவ் வழியாக இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"ஆறு அத்தியாயம்," என்றாள் மனைவி. "ஒரே நாள்ல. புத்தாண்டு அன்னைக்கு. இங்க மாசக்கணக்கா உக்காந்து முடிக்க முடியாத மனுஷன், அவளுக்காக ஒரே நாள்ல எழுதித் தள்ளியிருக்கீங்க."

"அய்யோ, அந்தத் தேதி தப்பும்மா."

"ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாதுன்னு சொன்னது யாரு?"

தேதியை நம்பாதே என்று சொன்னால் அவளுடைய சந்தேகம் தீரும். ஆனால் அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும்? இத்தனை மாதமாக டீயோடு கிடைத்த தேதிகளில்தான். ஒரு பக்கம் இல்லாத காதலி, இன்னொரு பக்கம் எழுதாத நாவல். எதை ஒப்புக்கொள்வது என்று எழுத்தாளர் யோசித்தார். கடைசியில், "அது... பழைய கதை, விடு" என்று மென்று முழுங்கினார்.

வீட்டில் பேச்சு நின்றது. ஆனால் எழுத்தாளரே எதிர்பாராத ஒன்று நடந்தது. மனைவி அவரை ஒரு மாதிரி, புதுசாகப் பார்க்க ஆரம்பித்தாள். சாப்பாடு பரிமாறும்போது ஓரக்கண்ணால் அளந்தாள். மறுநாள் சாயங்காலம் தானாகவே வாய் திறந்தாள்.

"எவளா வேணா இருந்துட்டுப் போகட்டும். ஆனா நல்லா எழுதியிருக்கீங்க. இப்படி ஒரு மனசு உங்களுக்குள்ள இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது." கண் லேசாகக் கலங்கியது. "என்னைப் பத்தி இதுமாதிரி ஒரு வரி எழுதத் தோணலயே உங்களுக்கு."

எழுத்தாளர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தன் எழுத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதை வாய் திறந்து வாங்கிக்கொள்ளக்கூட வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வந்தான். கணினி பழுது பார்ப்பது அவன் தொழில். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைக் கறந்துவிட்டான். எழுத்தாளர் கடைக்குப் போவதாகச் சொல்லிப் பையைத் தேடினார். "உக்காருங்க மாமா" என்று தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான். 'அவள்' கோப்பைத் திறந்து ஆராய்ந்தான்.

"அக்கா, இங்க பாரு. இந்த ஃபைல் இந்தக் கணினியில பொறந்தது இந்த வாரம். கடைசியா மாத்தினது உன் கல்யாணத்துக்கு முன்னாடி. பொறக்கறதுக்கு முன்னாடியே திருத்தின புள்ளை! வேற எங்கயோ எழுதிக் கொண்டுவந்து போட்டிருக்கார். மாமா, அந்தப் பழைய மடிக்கணினியா?"

எழுத்தாளர் தலையை மட்டும் அசைத்தார்.

"அவ்வளவுதான். பேட்டரி போயிருக்கும். இந்தத் தேதியெல்லாம் ஒரு சாட்சியே இல்லக்கா. அது சொன்னதைச் சொல்ற கிளி." அவன் திரையில் இரண்டு பக்கம் ஓட்டினான். படித்துக்கொண்டே வந்தவன் கடகடவென்று சிரித்தான். "நீ இதைப் படிச்சியா இல்லையா? மூக்குக்கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டுட்டு வீடெல்லாம் தேடறா. நீ கண்ணாடி போட ஆரம்பிச்சது இந்த வருஷம்தானே? கையை மூடிட்டுத் தூங்கறது சின்ன வயசுலேந்து நீதான். அக்கா, இது நீ."

மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கண்ணாடி அங்கேதான் இருந்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எழுத்தாளருக்கு உயிர் வந்தது. கதை இத்துடன் நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! தம்பிக்கு உற்சாகம் அடங்கவில்லை.

"தேதியை மாத்தறதெல்லாம் ஒரு வித்தையாக்கா? பேட்டரிகூட வேண்டாம். ஃபைலைத் திறந்து ஒரு இடைவெளி விட்டு அழிச்சுட்டு சேமிச்சா போதும். பத்து மாசம் தொடாததுகூட இன்னைக்குத்தான் எழுதின மாதிரி காட்டும்."

மனைவியின் முகம் மெல்லத் திரும்பியது.

"அந்த 'நாவல்'னு ஒண்ணு இருக்கே. அதைத் திற."

தம்பி திறந்தான். ஒன்றரைப் பக்கம். கடைசியில் லிஃப்டுக்குள் ஒருவன். எதிரே நேற்றைய தேதி. தம்பி ஒருமுறை மாமாவைப் பார்த்தான்; உடனே, தனக்கு வேறு வேலை இருப்பது நினைவு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

எழுத்தாளர் இடி விழக் காத்திருந்தார். மனைவி 'அவள்' கோப்பையே மறுபடி திறந்தாள். மூன்றாம் அத்தியாயத்தை முதலிலிருந்து படித்தாள். இந்தத் தடவை கண் கலங்கவில்லை, புருவம்தான் நெரிந்தது.

"எண்ணும்போது நான் உதட்டை அசைக்கறேனா?"

"ஆமா."

"கோவம் வந்தா மூக்கு நுனி சிவக்குதா?"

"இப்போகூட."

"இதையெல்லாம் எடுங்க. ஊர் சிரிக்கும்."

"எடுக்க முடியாது" என்றார் எழுத்தாளர். சொன்ன பிறகுதான் தன் துணிச்சல் அவருக்கே உறைத்தது. "அதை எடுத்தா அவளே இல்ல."

"வேற எவளோன்னு நினைச்சப்ப நல்லா இருந்துச்சு" என்றாள் மனைவி. ஆனால் கோப்பை மூடவில்லை. இருவரும் ஒவ்வொரு வரியாக மல்லுக்கட்டினார்கள். மூக்கு தப்பியது, உதடு போனது.

மறுநாள் சாயங்காலம் அவள் வந்து கை கழுவினாள். கணினிப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க."

எழுத்தாளர் அன்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை. முந்தின இரவுச் சண்டையின் களைப்பில் மத்தியானம் முழுக்கத் தூங்கியிருந்தார். வேறு வழியில்லாமல், வெற்றுத் திரையைப் பார்த்து வாய்க்கு வந்ததைப் படிப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டு ஒரு மழை நாளில் கடைத்தெருவில் நிற்கிறாள். எதிரே பழைய முதலாளி குடையோடு வருகிறார். மனைவி கன்னத்தில் கை வைத்து அசையாமல் கேட்டாள்.

"பிரமாதங்க," என்றாள் கடைசியில். "இதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது."

டீ போட அவள் எழுந்து போனாள். எழுத்தாளர் விசைப்பலகையை வேகமாக இழுத்து, சொன்னதில் முதல் வரி என்ன என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்.