ஐந்து மேசைக்கு ஐந்து கல்

பேகம்பூரில் மாடிக் கடை ஒன்று வாடகைக்குக் கிடைத்த நாளிலிருந்து ஷாஹினாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆறு வருஷமாக வீட்டிலிருந்தே மசாலா தடவிய கறி விற்றவள் அவள். கோழி, ஆட்டு ஈரல், பன்னீர் என்று டப்பாவில் அடைத்துக் கொடுப்பாள். வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் பொரித்துக்கொள்வார்கள். திண்டுக்கல்லில் பிரியாணிக்குப் பஞ்சமா? நாலு எட்டு வைத்தால் ஒரு கடை. ஆனால் மேசைக்கு மேசை ஒரு சின்ன அடுப்பை வைத்து, வருகிறவர்கள் கறியைத் தாங்களே சுட்டுத் தின்கிற கடை அவளுக்குத் தெரிந்து ஊரில் இல்லை. மொபைலில் அப்படி ஒரு கடையைப் பார்த்த அன்றே அவள் மனதில் மேசைகள் விழுந்துவிட்டன. மொத்தம் ஐந்து.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திறப்பு. புதன்கிழமை வந்தபோது மேசை, நாற்காலி, இடுக்கி எல்லாம் வந்துவிட்டன. சின்ன கேஸ் டப்பாவைப் பக்கவாட்டில் பொருத்துகிற கையடக்க அடுப்பும் ஐந்து வந்துவிட்டது. கறி சுடுகிற தட்டு மட்டும்தான் பாக்கி.

"அது ஒரு வேலையா? கடைக்குப் போனமா, அஞ்ச எடுத்தமா, வந்தமான்னு இருக்கணும்" என்றாள் ஷாஹினா.

"போய்ப் பாப்போம்" என்றாள் ரூபி.

ரூபி பக்கத்து வீட்டுக்காரி, கடையில் பாதிப் பங்கும் அவளுடையது. பதினைந்து வருஷம் கல்லூரி ஒன்றின் வேதியியல் லேபில் வேலை பார்த்தவள். எதை வாங்கினாலும் முதலில் அட்டைப் பெட்டியைத்தான் படிப்பாள், சோப்பாக இருந்தாலும் சரி.

உடையப்பன் தன் பாத்திரக் கடையில் நான்கு தினுசு எடுத்துப் போட்டார். ஷாஹினாவின் கண் ஒன்றில் போய் ஒட்டிக்கொண்டது. கன்னங்கரேலென்று, வரி வரியாக மேடு வைத்து, எண்ணெய் தடவியதுபோல மினுமினுத்தது. ஒரு கையால் தூக்கினால் காகிதம் மாதிரி வந்தது.

"நான்ஸ்டிக்கும்மா. சொட்டு எண்ணெய் போதும். கறி வழுக்கிக்கிட்டு வரும். துணியால துடைச்சா சுத்தம்" என்றார் உடையப்பன். "பயப்பட வேணாம், பி.எஃப்.ஓ.ஏ. இல்லாததுன்னு பெட்டியிலயே போட்டிருக்கான் பாருங்க."

"அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்ணே" என்றாள் ரூபி. "அது இந்தப் பூச்சைத் தயார் பண்ணுறப்ப முன்னாடி சேத்த ஒரு மருந்து. அது இல்லைங்கிறது நல்ல விஷயந்தான். ஆனா பூச்சு அதே பூச்சுதான். கீழ சின்ன எழுத்துல என்ன போட்டிருக்கான்? 'இருநூத்தி முப்பது டிகிரிக்கு மேல சூடாக்க வேண்டாம், வெறுந்தட்டை அடுப்புல வைக்க வேண்டாம்.'"

"அத யாரு பாக்குறாக்கா? எங்க வீட்ல நான்ஸ்டிக் தோசைத்தவா இல்லையா?" என்றாள் ஷாஹினா.

"இருக்கு. எங்க வீட்லயும் இருக்கு. சிம்ல வச்சு தோசை ஊத்துனா ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் பூச்சு உரிஞ்சு வயித்துக்குள்ள போனாக்கூட அது பாட்டுக்கு வெளிய போயிரும். காஞ்சு போய் மிஞ்சிச் சூடேறுனாத்தான் வம்பு. பூச்சு கருகிப் புகை விடும். கூண்டுல குருவி இருந்தா அந்தப் புகைக்கே செத்துப்போயிரும்."

குருவி என்றதும் ஷாஹினா கொஞ்சம் அடங்கினாள். அவள் மகள் நர்கீஸ் ஹாலில் இரண்டு லவ்பேர்ட்ஸ் வளர்க்கிறாள். இருந்தாலும் அந்த மினுமினுப்பை விட்டு மனசு நகரவில்லை. கடைசியில் உடையப்பனே வழி சொன்னார். ஒன்றை மட்டும் எடுத்துப்போய்ச் சுட்டுப் பாருங்கள், பிடித்திருந்தால் மீதி நான்கையும் எடுத்து வைக்கிறேன் என்றார்.

வியாழக்கிழமை மதியம் ஷாஹினா வீட்டு ஹாலில் வெள்ளோட்டம். அவள் புருஷன் முகமது யாசின் தோல் மண்டியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். அவனுடைய அண்ணன் முகமது ரஃபீக்கும் வந்திருந்தார். ரூபி கையில் துப்பாக்கி மாதிரி ஒன்றோடு வந்தாள். அவள் புருஷன் ஆண்டனிராஜ் ஏ.சி. மெக்கானிக், தூரத்தில் இருந்தே சூட்டை அளக்கிற அவனுடைய கருவி அது. வந்ததும் நேரே குருவிக் கூண்டிடம் போனாள்.

"இது மொட்டை மாடிக்குப் போகட்டும். நிழல்ல வை, பாப்பா."

"ஏன் ஆண்ட்டி? அதுங்க பாட்டுக்கு இருக்குதுங்க" என்று நர்கீஸ் சிணுங்கினாள்.

"நீயும் கூடப் போய் உக்காந்துக்க. உன் பங்கு கறி மாடிக்கு வரும்."

அடுப்பு பற்றியது. ஷாஹினா முதல் துண்டை வைத்தாள். 'ஸ்ஸ்' என்ற அந்தச் சத்தத்தில் எல்லோரும் ஒருசேரக் குனிந்தார்கள். கறி திரும்பியது, அடியில் வரி வரியாகச் சிவந்திருந்தது, ஒரு பொட்டுக்கூட ஒட்டவில்லை. யாசின் இடுக்கியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். ரஃபீக் ஈரலைத் தானே சுட்டு, தானே தின்று, தானே தலையாட்டிக்கொண்டார்.

"தொட்டுக்க வெஞ்சனமே வேணாம்மா. இதுவே போதும்" என்றார்.

ஷாஹினாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ரூபியை ஒரு பார்வை பார்த்தாள். பாத்தீங்களாக்கா என்றது அந்தப் பார்வை. ரூபியும் சிரித்தாள். சூடு இருநூறைத் தாண்டவில்லை.

அடுத்த தட்டு கறியை எடுக்க ஷாஹினா அடுப்படிக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து ரஃபீக் வடமதுரையில் ஒரு கல்யாணத்தில் நடந்த கூத்தைச் சொல்ல ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீட்டு வேன் வழி தவறி வேறொரு கல்யாண மண்டபத்துக்குப் போய், அங்கேயே பாதிப் பேர் சாப்பிட்டும் முடித்த கதை. யாசின் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். ஷாஹினாவும் வாசற்படியிலேயே நின்று கேட்டாள். கறி இல்லாத தட்டு முழுத் தீயில் இருந்தது. ரூபி மட்டும் துப்பாக்கியை நீட்டினாள். அடுப்பை நிறுத்தக் கை போனபோதே ஒரு வாடை கிளம்பிவிட்டது. பிளாஸ்டிக் வாடை என்றும் சொல்ல முடியாது, தீய்ந்த வாடை என்றும் சொல்ல முடியாது. தொண்டையில் போய் ஊசி மாதிரிக் குத்தியது.

"ஜன்னலத் திறங்க. எல்லாரும் வெளிய வாங்க" என்றாள் ரூபி.

ரஃபீக் இருமிக்கொண்டே வாசலுக்கு வந்தார். ரூபி துப்பாக்கியின் கண்ணாடியைக் காட்டினாள். முந்நூற்று முப்பத்தெட்டு.

"எம்புட்டு நேரம் ஆச்சு?" என்று கேட்டாள் ஷாஹினா.

"நாலு நிமிஷங்கூட இருக்காது."

ஷாஹினா தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தாள். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"இதுக்குப் போய் ஏன் மலைக்கிற? தீயைக் குறைச்சு வைங்கன்னு எழுதி ஒட்டிரலாம்" என்றான் யாசின்.

"பரோட்டாக் கடையில புகை பிடிக்காதீங்கன்னு எழுதி ஒட்டிருக்கு மச்சான். யாராச்சும் கேட்டாங்களா?" என்றாள் ஷாஹினா. அவளுக்கு விஷயம் தெளிவாகிக்கொண்டு வந்தது. "இங்க யாரும் தப்புப் பண்ணல. பேசுனோம், அம்புட்டுத்தான். நம்ம கடைக்கு வாரவுக பேசத்தான வருவாக? பேச்சு சுவாரசியத்துல தட்டை யாரு பாப்பா? வீட்ல நான் பாத்துக்குவேன். அங்க அஞ்சு மேசை, அஞ்சு தீ. அதுவும் மத்தவுக கையில."

"கடையில செராமிக் பூச்சுன்னு ஒண்ணு காட்டுனாருன்னு சொன்னியே?" என்று கேட்டான் யாசின்.

"அது இந்தப் புகை விடாது. ஆனா தினமும் இடுக்கி பட்டு, தேய்ச்சுக் கழுவுனா நாலஞ்சு மாசத்துல வழுக்கல் போயிரும். அப்புறம் அதுவும் ஒட்டுற தட்டுதான்" என்றாள் ரூபி. "ஒட்டுற தட்டுதான்னா நல்ல கனத்துல இரும்பே வாங்கிரலாமே?"

ஷாஹினா அந்தக் கறுப்பு அழகை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உடையப்பனுக்குப் போன் போட்டு, மீதி நான்கும் வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நாகல்நகர்ப் பக்கம் பாண்டியராஜ் பட்டறைக்கு இருவரும் போனார்கள். ஓட்டல்களுக்குப் பரோட்டாக் கல் அடித்துக் கொடுக்கிறவர் அவர். ரூபி அடுப்பையே கையில் தூக்கிக்கொண்டு போயிருந்தாள்.

"இதுக்கு மேல உக்கார்ற மாதிரி அஞ்சு கல்லு வேணும்ணே. நாளைக்கு" என்றாள் ஷாஹினா.

பாண்டியராஜ் அடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கா? ஒரு கல்லுக்கே ரெண்டு நாள் கேப்பேன். பெரிசாப் போட்டா அம்சமா இருக்குமே, பதினாலு இஞ்சு?"

"கூடாதுண்ணே" என்று ரூபி அடுப்பின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். "கேஸ் டப்பா இந்தப் பக்கம் இருக்கு. கல்லு இதுக்கு மேல நீட்டுச்சுன்னா சூடு டப்பாவுல இறங்கி வெடிச்சிரும். பத்து இஞ்சுக்கு மேல போகவே கூடாது."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் சாக்பீஸை எடுத்து இரும்புத் தகட்டில் வட்டம் போட்டார். ஓரத்தில் கறியின் கொழுப்பு வடிய ஒரு வாய்க்கால் வேண்டும் என்றாள் ஷாஹினா. கறியில் வரி விழ வேண்டும், ஆனால் தேய்க்கிற நாரும் உள்ளே போக வேண்டும் என்றாள் ரூபி. அவர் வரியை அகலமாக்கினார். இரண்டு பக்கமும் பிடி வேண்டாமா என்று அவரே கேட்டார்; பிடியில் மரம் போட வேண்டும் என்றும் அவரே சொன்னார். கால் மணி நேரத்தில் மூன்று பேரும் தரையில் குத்தவைத்து, சாக்பீஸ் கோட்டை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நடப்பு வேலைய அப்படியே நிப்பாட்டிட்டு இதப் பண்ணுறேன்" என்றார் கடைசியில். "எனக்கே பாக்கணும்போல இருக்கு."

சனிக்கிழமை பத்து மணிக்குக் கற்கள் வந்தன. கனம் கையை இழுத்தது. ஷாஹினா வீட்டு மொட்டை மாடியில் வைத்துத் தேய்த்து, கழுவி, காய வைத்து, நல்லெண்ணெய் தடவிப் புகையப் புகையச் சூடேற்றினார்கள். பாதி வெங்காயத்தைக் கரண்டியில் குத்தித் தேய்த்தார்கள். ஆறவிட்டு மறுபடி எண்ணெய், மறுபடி சூடு. மூன்றாம் முறைக்குச் சாம்பல் நிறம் போய்க் கறுப்பு ஏறியது. ஷாஹினா ஆசையாகக் கோழித் துண்டை வைத்தாள். இடுக்கியால் எடுத்தாள். வரவில்லை. இழுத்தாள், பாதி கறி கல்லில், பாதி இடுக்கியில்.

இரண்டாவது துண்டும் அதே கதி. மூன்றாவதைச் சுரண்டி எடுத்தபோது அது கறியாகவே இல்லை. நாளைக்கு மதியம் கடை. ஷாஹினா உட்கார்ந்துவிட்டாள்.

"பேசாம நான்ஸ்டிக்கையே வாங்கிருப்போமாக்கா?"

ரூபி வேர்வையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கல்லில் எண்ணெய் தடவினாள். ஷாஹினா அதில் ஒரு துண்டை வைத்த நேரம், பந்தல்காரர் கீழே வந்து கூப்பிட்டார். கடை வாசலில் வாழை மரம் எந்தப் பக்கம் கட்ட என்று கேட்டு, பதிலையும் கேட்காமல் அவரே பேசிக்கொண்டிருந்தார். அவள் ஒருவழியாக மேலே ஓடி வந்து, கருகியிருக்கும் என்று நினைத்தே துண்டுக்கு அடியில் இடுக்கியைக் கொடுத்தாள். துண்டு தானாக எழும்பி வந்தது. அடியில் வரி நான்கும் பொன்னிறத்தில் அச்சு விழுந்த மாதிரி இருந்தன.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு துண்டை வைத்து, ரூபி நேரம் பார்த்தாள். ஒரு நிமிஷத்தில் தொட்டார்கள், பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷத்தில் ஓரம் விட்டது. மூன்றாவது நிமிஷத்தில் முழுசாக விட்டது.

"அடி வேகுற வரைக்கும் பிடிச்சு வச்சிருக்கு. வெந்ததும் விட்டுருது" என்றாள் ரூபி. "நம்மதான் அவசரப்பட்டு இழுத்திருக்கோம்."

ஷாஹினாவால் எழுந்து நிற்க முடியவில்லை, அப்படிச் சிரித்தாள். அன்று சாயங்காலம்வரை ஐந்து கல்லிலும் மாற்றி மாற்றிச் சுட்டார்கள். தெருவில் பாதிப் பேருக்கு அன்று கோழிதான்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடை திறந்தது. முதல் மேசைக்கு எரியோட்டிலிருந்து பெருமாள்சாமி குடும்பம் வந்தது. டவுனுக்குத் துணி எடுக்க வந்தவர்கள், வாழை மரத்தைப் பார்த்து மாடி ஏறியிருந்தார்கள். ஆறடி மனிதர், வெள்ளை வேட்டி. பச்சைக் கறி மேசைக்கு வந்ததும் அவர் முகம் மாறியது.

"என்னம்மா இது, காசு குடுத்து நானே சமைக்கணுமா?"

"நீங்க சமைக்க வேணாம்ணே. வச்சுட்டுப் பேசிக்கிட்டு இருங்க. தொடாதீங்க. அதுவா விடும்" என்றாள் ஷாஹினா. கல் காய்ந்ததா என்று உள்ளங்கையை மேலே காட்டிப் பார்த்துவிட்டு, எண்ணெய் தடவி, நாலு துண்டை வைத்தாள்.

பெருமாள்சாமி கையைக் கட்டிக்கொண்டு கறியை முறைத்தார். பெஞ்சாதி பொன்னழகு துணிக்கடை சங்கதியை ஆரம்பித்தாள். அவர் காதில் ஏறவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து இடுக்கியால் மெல்லத் தொட்டார். பிறகு ஒரு ஓரத்தைத் தூக்கினார். துண்டு புரண்டு விழுந்தது. வரி தெரிந்தது. அவர் தன் பிள்ளைகளைச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாரும் தள்ளி உக்காருங்க. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த மேசையில் இடுக்கி வேறு யார் கைக்கும் போகவில்லை. பொன்னழகு ரூபியைக் கூப்பிட்டு, "வீட்ல வெந்நிகூட வச்சதில்ல இந்த மனுசன்" என்று காதோடு சொன்னாள்.

ஒரு மணிக்கு ஐந்து மேசையும் நிரம்பின. மூன்றாவது மேசையில் கல்லூரிப் பையன்கள் பேச்சில் வெறுங்கல்லை முழுத் தீயில் விட்டுவிட்டார்கள். எண்ணெய்ப் புகை எழுந்தது. ஷாஹினா போய்த் தீயைக் குறைத்து, ஒரு கை தண்ணீரைத் தெளித்துத் துடைத்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான். ரூபி ஜன்னலோரத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டு, பன்னீர் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

இரண்டு மணிக்குக் கோழி தீர்ந்தது. படிக்கட்டில் பதினொரு பேர் நின்றார்கள். ஷாஹினா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் ஈரலுக்கு மசாலா பிசைந்தாள்.

"மச்சான், எங்க இருக்கீக? அஞ்சு கிலோ கோழி, தொடைக்கறியாப் பாத்து எலும்பெடுத்து வாங்கிட்டு வாங்க. இல்ல, எட்டாவே வாங்குங்க."

"சாப்டியா நீயி?" என்றான் யாசின்.

"எங்க சாப்பிட?" என்றாள் அவள். முதல் மேசையிலிருந்து பெருமாள்சாமி இடுக்கியை உயர்த்தி இன்னொரு தட்டு ஈரல் கேட்டார். "இந்தா வாரேண்ணே" என்று போனை வைத்துவிட்டு ஓடினாள்.